கொக்கி இல்லாத வீடு

இல்ஃபோர்டுக்கு வருமுன் நானும் மனைவியும் ஆம்ஸ்டர்டாமில், துறைமுகத் தொழிலாளருக்காக அந்தக் காலத்தில் கட்டிய ஒரு குடியிருப்பில் வாழ்ந்தோம். அங்கே மாடிப்படிகள் ஏணிபோல் ஒடுக்கமானவை. அதனால் ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அதில் கயிற்றை மாட்டிக் கட்டில், அலமாரியெல்லாம் ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். தெருவே கூடிக் கயிறு இழுக்கும்.

இல்ஃபோர்டில் குடிபுகுந்த அன்று எங்கள் சோபா படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. நான் வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் வேலியருகே வந்தார்.

"என்ன தம்பி தேடுறீர்?"

"கொக்கி, அண்ணை. சோபாவைக் கயிறு கட்டி இழுக்கத்தான்."

அவர் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இழுத்தால் கூரைதான் கீழ வரும். உள்ள வாரும், பாப்பம்."

சோபாவின் நான்கு கால்களையும் திருகிக் கழற்றினார். அது சமர்த்தாக மேலே போனது. மனைவி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் பழைய தெருச் சிநேகிதிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னாள். "கயிறு இழுக்காமல் அயலவரோடு எப்படிப் பழகுவீர்கள்?" என்று சிநேகிதி கவலைப்பட்டாளாம்.

அந்நேரம் அண்ணை எங்கள் சோபாவில் சாய்ந்து, இரண்டாவது தேநீரோடு, அலமாரியை எங்கே வைக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.