கண்ணில் போட்ட குழாய்

மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயின் வாசனை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவினால், மடுல்கெல்லையில் எங்களுக்குத் தீபாவளி விடிந்துவிட்டது என்று பொருள். அம்மாவின் அக்கா, பிள்ளையில்லாத என் பெரியம்மா, பக்கத்து ஒற்றையறை வீடான "காம்பரா"விலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவார். என் தலையில் எண்ணெய் வைக்கும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறந்ததிலிருந்தே என் இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததால் லயத்துப் பிள்ளைகளுக்கு நான் "அழுமூஞ்சி". கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அடைத்திருக்கிறது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்து, அந்த வழியில் நூல்போன்ற ஒரு குழாயைச் செருகிவிட்டார்கள். சில மாதங்கள் அது உள்ளேயே இருக்கவேண்டும், கண்ணைக் கசக்கவே கூடாது என்பது கட்டளை.

அது பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனால் உச்சியில் எண்ணெய் வைத்து, நெற்றி, கண், கன்னமென்று வழித்து உருவிப் பழகிய கை அது. அந்தத் தீபாவளியன்றும் தன்போக்கில் உருவிவிட்டது. குழாய் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. எனக்கு வலித்ததாக நினைவில்லை. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டதுதான் நினைவிருக்கிறது.

பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து பார்த்தார்.

"பெத்திருந்தாத்தானே ஒனக்குப் புள்ளயோட அரும தெரியும்," என்றார்.

பெரியம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பஸ் மாறிப் பேராதனைக்குப் போனோம். டொக்டர் குழாயை எடுத்துவிட்டு, கண்ணில் மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்தார். வழி நன்றாகத் திறந்துவிட்டது, எப்படியும் எடுக்கவேண்டிய நேரந்தான் என்றார். திரும்பும் வழியெல்லாம் அம்மா என் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், துடைக்க ஒன்றுமேயில்லை.

அந்த நல்ல செய்தியைப் பக்கத்துக் காம்பராவில் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. சொன்னால், தான் விட்ட வார்த்தைக்கும் பதில் சொல்லவேண்டுமே. பெரியம்மா என் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதையே விட்டிருந்தார். சில நாட்களில் கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவர், பிறகு எந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. அங்கேயே காலமானார்.

இப்போது லயத்தை விட்டு வந்து பிலிமத்தலாவையில் அம்மாவோடு இருக்கிறேன். பெரியம்மாவின் காம்பராவில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது அந்தக் கொழும்பு வீட்டார் அனுப்பிவைத்த அவருடைய பெட்டி மட்டும். அதில், கண் சுகமாக வேண்டி அம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கண்மலர் ஒன்று, என் பெயர் எழுதிய தாளில் சுற்றியிருந்தது.

அம்மா அதை அலுமாரியிலிருந்து எடுப்பார், பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார்.

"கண்ணு நல்லாயிருச்சு, அக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்பார்.