மூக்குத்தி போட்ட ராஜா

அரைத்த சந்தனத்தின் வாசம் வந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வராது... ஒரு மூக்குதான் ஞாபகம் வரும்!

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய ஆயில் பெயின்டிங் ஒன்று மாட்டியிருந்தது. கிரீடம், முறுக்கு மீசை, கையில் வாள்... வருகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். "ஜமீன் வம்சமுங்களா?" என்று கேட்டால் அப்பா சிரிப்பார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

விஷயம் என்னவென்றால், அந்த ராஜா ஒரு பெண். அப்பாவுடைய பாட்டனாருக்கு அக்கா. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் வேஷம் கட்டியவர். கம்பெனிக்கு மேடைப் படுதா எழுதிய ஓவியர்தான் அவரையும் வரைந்தாராம். மீசையை அவ்வளவு அழகாக வரைந்த மனுஷன், அந்த அம்மாள் கழற்ற மறந்த மூக்குத்தியையும் அப்படியே வரைந்துவிட்டார்.

அதை மறைக்கத்தான் சந்தனம். வெள்ளிக்கிழமையானால் அப்பா நெற்றியில் ஒரு பொட்டு வைப்பார், மூக்கில் ஒரு அப்பு அப்புவார். கூத்தாடிக் குடும்பம் என்று ஊர் பேசிவிடுமே என்று அவருக்குப் பயம்.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்த புதிதில் பெண் பார்க்க வந்தார்கள். அந்த வேலைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காபியைக் குடித்தபடி மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய வுட்டுரணுமுங்க. உங்களுக்கு நாங்க சொல்லணுமா? படத்துல அவரு மொகத்தப் பாத்தாலே தெரியுதே... பொம்பளைங்கள வாசப்படி தாண்ட வுடாத வம்சம்னு!"

அப்பா தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

பலகாரத் தட்டோடு நின்றிருந்த அம்மா, தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் படத்துக்குப் போய் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது.

"அவரு இல்லீங்க... அவங்க. நாடகத்துல ராஜாவா நடிச்சவங்க. அவங்க நடிச்சுக் கட்டுன வூட்டுலதான் நீங்க உக்காந்து காபி குடிக்கிறீங்க. எம் பொண்ணு வேலைய வுடமாட்டாளுங்க."

பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டார். "வூட்டுக்குப் போயித் தகவல் சொல்றமுங்க" என்று கிளம்பினார்கள். தகவல் வரவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தை எடுத்த அப்பா, நெற்றியில் மட்டும் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்...

இன்று நான் அதே வேலையில் ஹெச்.எம். படம் தர்மபுரியில் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. அம்மாதான் இல்லை. அவளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

போன வாரம் ஏசி மாட்ட வந்தவர் படத்தை நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா அவரு, உங்க பாட்டனாருங்களா?" என்றார்.

மொபைலிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் என் மகள் சொன்னாள்: "அவரு இல்லீங்க அண்ணா... அவங்க."

அன்றைக்கு என் அம்மா ஒரு சம்பந்தத்தையே விட்டுக்கொடுத்துச் சொன்ன வார்த்தை... என் மகளுக்குச் சும்மா வாயில் வருகிறது.