வெங்காரம் போட்ட களிம்பு

சமையலறை ஜன்னலோரம் அண்ணி நான்கு கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார். நான்கிலும் தேங்காய் எண்ணெய், உருக்கிய தேன்மெழுகு, தண்ணீர். அவற்றைப் பிரியாமல் பிடித்து நிறுத்தும் சரக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் முட்டையின் மஞ்சள் கரு, ஒன்றில் ஊறவைத்த வேலம்பிசின், ஒன்றில் சீவிப் போட்ட சோப்பு. கடைசித் தம்ளரில் எதுவும் இல்லை, வெறுமனே அடித்துக் கலக்கியது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதில் எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்து நின்றது. முட்டை போட்டது நாறியது. பிசின் போட்டதன் மேல் பூசணம் படர்ந்திருந்தது. சோப்பு போட்டது மட்டும் வெண்ணெய்போல இருந்தது. அதைத் தன் வெடித்த விரலில் தடவிப் பார்த்த அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலியில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நான் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அண்ணி திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டட வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் பெண்கள் எங்கள் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் மிதித்து அவர்கள் பாதங்கள் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சிலர் நடந்த இடத்தில் ரத்தச் சுவடு இருக்கும். எண்ணெய் கொடுத்தால் புழுதி அப்பிக்கொண்டது. மெழுகு கொடுத்தால் வெயிலுக்கு உருகி வழிந்தது. அதனால்தான் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த ஒரு களிம்பு செய்தே தீருவது என்று அண்ணி இறங்கியிருந்தார்.

நான் எங்கள் கெமிஸ்டிடம் கேட்டேன். அவர் கடுகடுப்பான மனிதர், ஆனால் கேட்டதற்குச் சிரிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் அளவுகளை எழுதிக் கொடுத்தார். தேன்மெழுகையும் எண்ணெயையும் ஒன்றாகக் காய்ச்ச வேண்டும், வெங்காரத்தை, அதாவது போராக்ஸ் உப்பை, தண்ணீரில் கரைத்து அதையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். தாளை நான் மடிக்கும்போது, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. திறந்த ரணத்துல வெங்காரம் படக் கூடாது. கைக்குழந்தைக்கு அறவே வேண்டாம். தோல் வழியா உடம்புக்குள்ள போயிடும்" என்றார்.

தாளில் இது இல்லை, வாயால் சொன்னதுதான். வடலூர் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கியபோது கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "தேன்ல கொழச்சுக் கொழந்தைங்க வாய்ப்புண்ணுக்கே தடவறாங்க தம்பி. அவரு படிச்சவரு, அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து தாளையும் பொட்டலத்தையும் கொடுத்தேன். கெமிஸ்ட் சொன்னதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பின்னால் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. மறக்கவில்லை. சொன்னால் அண்ணி பயந்து விட்டுவிடுவார், இத்தனை நாள் பட்ட பாடு வீண் என்று நினைத்தேன்.

களிம்பு அருமையாக வந்தது. ஊற்ற ஊற்றப் பால் நிறமாகி, கலக்கக் கலக்கக் கெட்டிப்பட்டு, ஒரு வாரமாகியும் பிரியாமல் இருந்தது. அண்ணி காலி பவுடர் டப்பாக்களில் அடைத்துப் பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களுடைய வெடிப்புகள் மூடத் தொடங்கின.

ஒரு பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "குழாய்க்கு வர்ற முத்தாண்டிக்குப்பத்துக்காரிக்கு இன்னொரு டப்பா சேர்த்துக் குடுத்தேன் தம்பி. அவ புள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் வெந்து தோலே உரிஞ்சிருக்காம். நல்லா பூசி விடு, ஆறிடும்னு சொன்னேன்."

சாப்பிடுவதை நிறுத்தினேன். "எப்பக் குடுத்தீங்க அண்ணி?"

"மூணு நாளாச்சு. அதுக்கப்புறம் அவ வேலைக்கே வரல."

கெமிஸ்ட் சொன்னதைச் சொன்னேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "எப்பச் சொன்னாரு?" என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

அண்ணி அதுவரை என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்ததில்லை. அன்று புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். உச்சி வெயில். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றே: "மூணு நாள்ல எத்தனை தடவை பூசியிருப்பா?" ஐந்து தடவை என்பார், இல்லை, பத்து இருக்கும் என்பார், டப்பா சின்னதுதானே என்பார். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, அவள் பெயரே தெரியாது. குழாயடியில் எல்லோரும் அவளை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்காரி, கட்டட வேலைக்கு வருகிறவள் என்று தெருத்தெருவாகக் கேட்டோம். ஒருத்தர் கிழக்கே காட்டினார், இன்னொருத்தர் மேற்கே. கடைசியில் முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு வீட்டில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "அதுவா? புள்ளைக்கு ரெண்டு நாளா வாந்தி, பேதி. காத்தாலயே தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. வூடு பூட்டிக்கெடக்கு."

அண்ணி திரும்ப ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வரும்வரை என் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை, ஏழெட்டு மாதம் இருக்கும். கண் பாதி மூடி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தொடை இரண்டும் சிவந்திருந்தன, மேலே வெள்ளையாகக் களிம்பு. எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "வாங்கம்மா. நீங்க குடுத்த மருந்த வேளாவேளைக்குப் போட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

வந்த வழியே திரும்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அண்ணி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அதுல வெங்காரம் இருக்கும்மா. கைப்புள்ளைக்கு அது ஆகாதாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான்தான் போடச் சொன்னேன். தப்பு என்னோடது" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் குழந்தையைச் சட்டென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அண்ணி டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னார், என்ன அளவு, எத்தனை நாள் என்று ஒன்றுவிடாமல். டாக்டரம்மா களிம்பை முழுக்கக் கழுவித் துடைக்கச் சொன்னார். குழந்தைக்கு நீர் ஏற்றினார்கள். "இதனாலயா, வயித்துப்போக்குனாலயான்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டு நாள் தாண்டட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாளும் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட் பக்கம் வரும்போதெல்லாம் வேறு பக்கம் நகர்ந்தேன். அவர் அண்ணியைப் பற்றி ஏதாவது விசாரித்துவிடுவாரோ, என்றைக்குச் சொன்னார் என்பது வெளியே வந்துவிடுமோ என்று பயம். குழந்தை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்பதும் அந்த வேண்டுதலுக்குள் இருந்தது. அண்ணி காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் உட்காருவார், சாயங்காலம் அதைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவருவார். அவள் வாங்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை குழந்தை பாலுக்கு வீரிட்டு அழுதது. அண்ணி தூண் ஓரமாகத் தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பால் கொடுத்து முடித்து, முதல்முறையாக அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே யாருக்கு எதனா குடுத்தாலும் நல்லா கேட்டுத் தெரிஞ்சிக்கினு குடுங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் குழாய்க்கு அவள் வரவே இல்லை. அடுத்த பிளாக்கில் தண்ணீர் பிடித்தாள்.

அண்ணி மிச்சமிருந்த வெங்காரத்தைக் குழி தோண்டிக் கொட்டினார். சில மாதம் கழித்து மற்றப் பெண்கள் கெஞ்சிக் கேட்டதால் மறுபடி தொடங்கினார். இந்தமுறை சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காய் எண்ணெயும் மட்டும். அடித்தால் வெள்ளையாகச் சேரும், வைத்தால் பிரியும். "பிரிஞ்சா பிரியட்டும். குலுக்கிப் போட்டுக்கட்டும்" என்றார். முதலில் தன் கையில் மூன்று நாள் தடவிப் பார்ப்பார். வாங்க வருகிறவளிடம் வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்பார். உண்டு என்றால் கொடுக்க மாட்டார். பின்னால் தனக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் அவர் எண்ணெயைத் தவிர எதையும் பூசியதில்லை. அவர்கள் ஒருமுறை வாந்தி எடுத்தால் போதும், முகம் வெளிறிப்போய் என்னைத்தான் கூப்பிடுவார்: "தம்பி, அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு அதனாலதான் ஆச்சா?" நான் தெரியாது என்பேன். அது உண்மைதான். சொல்லாமல் விட்ட உண்மை வேறு.

அண்ணி போய்ச் சேர்ந்த மறுவருடம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த முத்தாண்டிக்குப்பத்துக்காரியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மகளும் மகள் வயிற்றுப் பேரனும். அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தக் குழந்தை இவ்வளவு பெரிய பெண்ணாகி நிற்பதைப் பார்த்தபோது என்னை அடக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கெமிஸ்ட் முன்பே சொன்னது, நான் மறைத்தது, இன்றைக்குக் காலையில்தான் என்று பொய் சொன்னது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள், "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தேன். அவர்கள் போக வேண்டிய சேத்தியாத்தோப்பு பஸ் வந்து நின்றது. அவள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள்.