மூட்டையின் அடிக்காய்

மாரீஸ்வரிக்குப் பொய் என்றாலே குமட்டும். போடியில் விஜய்ராஜ் ஏலக்காய்க் கடையில் இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பார்த்துக் காய் பொறுக்குகிறாள். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கினால் மற்ற பெண்கள் மேலாகக் கிடப்பதை அள்ளிப் பார்ப்பார்கள். இவள் முழங்கை முங்கக் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். மேலே பச்சைப்பசேலென்று நல்ல காயைப் பரப்பி, அடியில் சொறி பிடித்ததையும் வெடித்ததையும் திணித்து அனுப்புகிற புண்ணியவான்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. அப்படி ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும்.

"சீ, கருமம்! இதெல்லாம் ஒரு பொழப்பா? சோத்தைத்தான் திங்கிறானுகளா, வேற எதையும் திங்கிறானுகளா?"

"மாரியக்கா கையை விட்டா மூட்டை உண்மையைக் கக்கிரும்" என்று விஜய்ராஜ் வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தப் பெருமையெல்லாம் கண்ணை நம்பித்தான். போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது, வலதில் அதிகம். ஊருக்குப் பக்கத்தில் ஒரு கண் ஆபரேஷன் முகாம் போட்டார்கள். மாரீஸ்வரிக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை நினைப்பு வந்தால் போடுவாள். ஆனால் கடையில் ஏலக்காய் தட்டிப்போட்டு, சீனி தூக்கலாக, நாளைக்கு நாலு டீ தவறாது. சுகர் இருந்தால் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெருவில் பேச்சு. அதற்கு ஒரு கைவைத்தியமும் தெருவிலேயே இருந்தது. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் சோற்றைத் தொடக் கூடாது. பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணியும்தான்.

அப்படியே செய்தாள். விரலில் குத்திப் பார்த்ததில் நல்ல நம்பர் வந்தது. "சுகர் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் நம்ம வம்சத்துலயே கெடையாதுங்கய்யா" என்று பளிச்சென்று சொன்னாள். இதைப் பொய் என்றே அவள் நினைக்கவில்லை. சாமர்த்தியம் என்று நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் சங்கிலியம்மாளுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது உலகமே கழுவி வைத்ததுபோல் இருந்தது. மூன்றாவது வாரம் வலது கண்ணின் நடுவில் மட்டும் கலங்க ஆரம்பித்தது. எந்தக் காயைப் பார்க்கிறாளோ அது மங்கிப் போகும். அதைச் சுற்றிக் கிடப்பவை நன்றாகத் தெரியும். என்ன அநியாயம்! மாரீஸ்வரி வாயைத் திறந்தாள்.

"படிச்சுட்டு வந்தானாம் படிப்பு! எங் கண்ணைக் குத்திக் கெடுத்துட்டான். அவன் கையில புழு வைக்க!"

ஒரு வருஷம், ஆள் மாற்றி ஆளாகச் சொன்னாள். முகாம் நோட்டீஸ் ஒட்டிய சுவரைக் கண்டால்கூடக் காறித் துப்பிவிட்டுத்தான் கடப்பாள்.

இடது கண்ணும் புரை முற்றி மங்கியது. அவள் பொறுக்கிய முதல்தரக் காயில் சொறிக்காய் கலந்துபோய், ஒரு வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். விஜய்ராஜ் திட்டவில்லை. மறுநாளிலிருந்து அவளுடைய தட்டைச் சங்கிலியம்மாள் இன்னொரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. இந்தக் கண்ணும் போனால் வீட்டில் முடங்க வேண்டியதுதான். தேனியில் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அப்போதும் இரண்டு நாள் பட்டினி கிடந்துதான் ஏறினாள்.

அங்கே எப்சிபா என்று ஒரு டாக்டரம்மா. விரலில் குத்தியதில் நூற்றுப் பதினெட்டு வந்தது. மாரீஸ்வரி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. கண்ணை ஸ்கேன் எடுத்து, கையிலிருந்து இன்னொரு குழாய் ரத்தமும் எடுத்து, மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அம்மா, இந்த ரத்தம் மூணு மாசத்துச் சுகரைச் சொல்லும். ஏழுக்குள்ள இருந்தா நல்லது. உங்களுக்குப் பதினொண்ணு இருக்கு. ரெண்டு நாளா சாப்பிடலையா?"

மாரீஸ்வரி தலையைக் குனிந்தாள்.

"சுகர் கூடிக் கூடிக் கண்ணு நரம்புல நீர் கசிஞ்சு, ரெண்டு கண்ணுலயும் நடுவுல வீங்கியிருக்கு. வலதுல அதிகம். வீக்கத்தைக் கவனிக்காம புரையை மட்டும் எடுத்தா அது இன்னும் கூடிரும். ஆபரேஷனோட சேத்து வீக்கத்துக்கு ஊசி போடணும். போன தடவை செஞ்ச டாக்டர்கிட்ட சுகர் இருக்குன்னு சொன்னீங்களா?"

மாரீஸ்வரிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அது வேறு யார்மேலும் இல்லை.

"மேல நல்ல காயைப் பரப்பிட்டேன்மா" என்றாள். "சீ! நானும் அந்தப் பொழப்புத்தான் பொழச்சிருக்கேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சுகரைக் குறைக்க ஊசியும் மாத்திரையும் எழுதிக்கொடுத்து, இரண்டு மாதம் கழித்து இடது கண்ணை முடிப்போம் என்றார்.

அந்த இரண்டு மாதமும் சீனியில்லாத டீயை விளக்கெண்ணெய் குடிக்கிற மூஞ்சியோடு குடித்தாள். கண்ணுக்குள்ளேயே ஊசி என்று கேட்டபோது, "கருமம், கருமம், எந்தப் பாவி கண்டுபிடிச்சான்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் போனாள். புரையை எடுத்த கையோடு வீக்கத்துக்கும் ஊசி போட்டார்கள். மாதம் ஒன்றாக மேலும் போட்டார்கள், வலது கண்ணுக்கும் சேர்த்து. இடது கண் தெளிந்தது. வலது கண்ணில் வீக்கம் நாள்பட்டது, பாதிதான் திரும்பும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மறுபடியும் கடைக்கு வந்த வாரம், மத்தியானம் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். சங்கிலியம்மாள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"ஏண்டி, திங்கலையா?"

"நாளைக்குக் கண்ணு முகாமு இருக்குக்கா. எனக்கும் ஒரு கண்ணுல புரைன்னு சொன்னாக. நீ சொல்லிக்குடுத்தபடிதான், நேத்துலருந்து வெந்தயத் தண்ணி. எனக்கிருக்குற சுகரு தெரியாதுல்ல?" என்று சிரித்தாள்.

மாரீஸ்வரி கையிலிருந்த சோற்று உருண்டையை டப்பாவிலேயே போட்டாள். சுற்றிலும் ஒன்பது பெண்கள். மேசைக்குப் பின்னால் விஜய்ராஜ். இருபத்தெட்டு வருஷமாக ஊரான் மூட்டையை இவர்கள் முன்னால்தான் கொட்டிக் கவிழ்த்திருக்கிறாள். இன்றைக்குச் சொன்னால் இந்தக் கடையில் அவள் பேச்சுக்கு இருந்த மரியாதை போய்விடும். வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

"எங் கண்ணை எந்த டாக்டரும் கெடுக்கல" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "சுகரை மறைச்சேன். மூட்டை மேல நல்ல காயைப் பரப்புன மாதிரி ரெண்டு நாள் பட்டினி கெடந்து மறைச்சேன். எங் கண்ணை நானே கெடுத்துக்கிட்டேன்."

விஜய்ராஜ்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஒரு வருஷமா அந்த டாக்டரை ஏசினதெல்லாம்?"

"பொய்யி. அம்புட்டும் சொறிக்காய்."

தன் டப்பாவைச் சங்கிலியம்மாள் முன்னால் தள்ளினாள். "தின்னுடி. நாளைக்கு நானும் ஒங்கூட வாறேன். சுகர் இருக்கான்னு கேப்பாக. நீ வாயத் தொறக்கலன்னா நான் சொல்லுவேன்."

சங்கிலியம்மாள் தயங்கித் தயங்கி ஒரு வாய் எடுத்தாள். டப்பாவின் அடி தெரிகிறவரை மாரீஸ்வரி இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.