பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

முதலியார்பேட்டையில் நான் வைத்திருக்கும் டைப்பிங் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். எழுத்துப்பிழைக்கு என்னைத் திட்டுகிறவர் லினெட் மதாம் ஒருவர்தான். எழுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர். கணவர் ஜோசப் ஆனந்த் இறந்து பதினைந்து வருடம். ஒரே மகன் பிரான்சில். வீட்டில் பேச ஆளில்லாமல் என்னிடம் வந்து பேசுவார். வேலை கெடுகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும். மறைப்பானேன்!

போன அக்டோபரில் ஒரு பிரெஞ்சு அறிக்கையைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். அணு உலையில் எரித்து முடித்த எரிபொருளை என்ன செய்வது என்று அதில் மூன்று வழி. பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம், அப்போதும் கழிவு மிஞ்சும். தொட்டியிலும் கான்கிரீட் பெட்டகத்திலும் வைத்துக் காவல் காக்கலாம். இல்லை, பாறைக்கடியில் ஆழமாகப் புதைத்து மூடிவிடலாம்.

"காவல்னா எத்தினி வருஷம் மதாம்?"

"நூறு வருஷம் ஆனாலும் முடியாது. பாத்துக்க ஆள் இருந்துகிட்டே இருக்கணும்."

"அடேயப்பா, செத்தும் கெடுக்கிற சாமான்தான்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து மாதா கோயிலிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அவர்கள் கோயிலில் ஒரு விதி. பதினைந்து வருடம் ஆனால், கல்லறையைத் தொடர்ந்து பராமரிப்போம் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள். கல்லறைத் திருநாள்தோறும் ஜோசப் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாமந்தி வைப்பது மதாம்தான். மகனைக் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் மம்மா, அப்புறம் பாத்துக்கலாம்.'

"நான் கையெழுத்துப் போட்டுடலாம், தீபலட்சுமி. எனக்கப்புறம்? அவன் வரமாட்டான். புல்லு மொளைச்சு, சிலுவை சாஞ்சு அனாதையா கெடக்கும். அதுக்கு அவரு எல்லாரோடயும் பொதுக்குழியில படுத்துக்கட்டும். அங்க பாத்துக்கத் தனியா ஆள் வேணாம். கோயில் சாமியாருக்கு அப்படியே ஒரு லெட்டர் அடி."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். 'நான் பாத்துக்கறேன் மதாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. என் மாமனார் சமாதிக்கே நான் போய் நாலு வருடம் ஆகிறது. சொன்னால் செய்ய வேண்டுமே! கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. அவர் திட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனார்.