தூணடியில் சூடான கல்

கட்டடப் பொறியாளராக நான் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டிய முதல் அறிக்கை அது. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பழைய கல் தேவாலயம். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், விட்டு வந்த ஊரின் தேவாலயத்தைப் போலவே கட்டியது. மேற்கே சதுரக் கோபுரம், உள்ளே இரண்டு வரிசைக் கல்தூண்கள், கூரான வளைவுகள், மேலே படகைக் கவிழ்த்த மாதிரி மரக்கூரை. வடக்குத் தூண் ஒன்றின் அடியில் மட்டும் விடாத ஈரம். கூரை ஒழுகுகிறது, மாற்றும்வரை பூட்டிவையுங்கள் என்று எனக்கு முன்னால் வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாவியோடு காத்திருந்த பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். அடுத்த மாதம் அவருக்கு அங்கே கல்யாணம், இரண்டாவது கல்யாணம். "பூட்டணும்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார் ஆங்கிலத்தில்.

காரைப் பார்க் பண்ணிவிட்டு வந்த என் கணவர் சிரித்தார். "ஏய், ஷூவ ஏன் வாசல்ல விட்ட? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா, அர்ச்சனைக்கு வந்தியா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தலையில் ஹெல்மெட், கீழே வெறுங்கால். கல்படியைக் கண்டதும் கால் தானாகக் கழற்றிவிட்டிருக்கிறது. "கழட்டினா கழட்டினதுதான், சும்மா இருங்க" என்று ஒரு முறை முறைத்தேன். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டால் இன்னும் கேவலம்.

பைனாகுலரை வைத்துக் கூரையைச் சட்டம் சட்டமாகப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. ஜனவரிக் குளிரில் தரை ஐஸ்கட்டியாக இருந்தது, விரல்கள் மரத்துப்போயின. அந்தத் தூணடிக்கு வந்ததும், அப்பாடா, காலுக்கு என்ன இதம்! கொஞ்ச நேரம் மடச்சி மாதிரி அனுபவித்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் கல் மட்டும் ஏன் சுடுகிறது?

"தரைக்குக் கீழ ஹீட்டர் குழாய் போகுதா?" என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "ஆமா, ரொம்பப் பழசு" என்றார். திங்கட்கிழமை பிளம்பர் வந்து கல்லைப் பெயர்த்தார். வெடித்த குழாயிலிருந்து வெந்நீர் கசிந்துகொண்டிருந்தது.

'கூரை நன்றாக இருக்கிறது, பூட்டத் தேவையில்லை' என்று அறிக்கை எழுதி நானே அந்தப் பெண்மணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வரியை அவர் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். உடனே கல்யாண மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"கோட்டு சூட்டைச் சலவைக்குப் போடு. கல்யாணம் இங்கேயேதான்."