உப்பு ஏறிய பின்சக்கரம்

ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய ஒரு ஷெட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு லாரியில் கிளீனர், பிறகு செங்கல் சூளை, பிறகு சித்தூர்ப் பக்கம் ஒரு ஓட்டல். எட்டாவதோடு நின்றவனுக்கு ஊர் மாறுவது பெரிய காரியம் இல்லை. ஷெட் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். லோடு வண்டிகளின் சக்கரம், ஆக்சில், கிரவுன் பல்சக்கரம் என்று அடிப்பக்க வேலை மட்டும் செய்வார். இன்ஜினைத் தொடமாட்டார்.

அங்கே ஒருவர் பழைய சின்ன லாரியோடு வந்தார். சொந்த வண்டி, அவரே ஓட்டுவார். மீசை முளைத்த வயதிலிருந்து டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் இழுத்தவர். விரல்கள் வெடித்து, கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணக்கு முடித்துக் கொடுத்ததை அப்படியே இந்த லாரியில் போட்டிருந்தார். முதல் நாளே சொன்னார், "எப்படியாச்சும் ஓட வெச்சிடு பாய். இது நின்னா நா மறுபடியும் தொட்டியிலதான் எறங்கணும்."

வலது பின்சக்கரம் ஊளையிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சில் ஷாப்டை உருவி, நட்டைக் கழற்றினால் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பு டிரம்மோடு சேர்ந்து வந்துவிட வேண்டும். வரவில்லை. சூடு காட்டி, புல்லர் மாட்டி, மத்தியானம்வரை இழுத்தோம். வந்தபோது உள்ளே கிரீஸ் இல்லை. சாம்பல் நிறத்தில் மோர் மாதிரி ஒன்று வழிந்தது.

பாய் அதை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். "நாக்குல வெச்சிப் பாருடா எட்டாங்கிளாஸ்."

"நீயே பாரு பாய். எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

வண்டிக்காரர் தயங்கவில்லை. தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி பாய். மத்தபடி கொழம்பு நல்லாருக்குது."

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு பாய் கேட்டார், "தோலு ஏத்துறியா?"

"காலைல தோலு. மத்தியானத்துக்கு மேல கணியம்பாடிலேர்ந்து தக்காளி."

"ஒரே வண்டிலயா?"

"கழுவிட்டுத்தான் பாய். நாத்தம் அடிச்சா தக்காளிக்காரன் கிட்டயே சேக்கமாட்டான். டெய்லி வாட்டர் சர்வீஸ். அடியிலகூட நானே பைப்பைப் புடிச்சி அடிப்பேன்."

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் சொட்டாத லோடு வண்டி இந்தப் பக்கத்தில் கிடையாது. மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் வெளியே வடிந்துவிடும், உள்ளே ஏறித் தின்னப் பல வருஷம் ஆகும். இவர் தினமும் பிரஷரில் அடித்து, ஆயில் சீலைத் தாண்டி உள்ளே அனுப்பியிருக்கிறார்.

"நீ கழுவலபா. ஊசி போட்டு உப்ப உள்ள ஏத்திருக்க."

"கழுவாம உட்டா தக்காளி போச்சி. வெறும் தோலு ஓட்டுனா டீசலுக்கே பத்தாது. நா இன்னாதான் பண்றது?"

பாய் பழைய துணியை எடுத்து ஹப்பு இருந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார்.

ஹப்பும் பேரிங்கும் மட்டும் கெட்டிருந்தால் புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம். பேரிங் உட்காரும் ஹவுசிங் குழாயின் முனையையே உப்பு தின்றிருந்தது. புது பேரிங்கை மாட்டினால் மெலிந்த கையில் போட்ட வளையல் மாதிரி ஆடியது. ஹவுசிங் என்பது பின்பக்கத்து முதுகெலும்பு. அந்த மாடலுக்குப் புதிதாக வருவதும் நின்றுவிட்டது. ஒரே வழி, அந்த முனையைச் சுற்றிலும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் புள்ளி புள்ளியாகக் குத்துவது. இரும்பு அங்கங்கே மேடாகும், பேரிங் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு.

"இது ரிப்பேர் இல்ல, சும்மா ஏமாத்து," என்றார் பாய்.

"ஏமாத்திக் குடு பாய். ஓடட்டும்."

நான்தான் குத்தினேன். பாய் டார்ச் பிடித்தார். முதல் தடவை குத்தியது ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. அடுத்தது பொங்கல்வரை வந்தது. அதற்கடுத்தது சில வாரங்கள்தான். ஒவ்வொரு தடவையும் மேடுகள் தேய்ந்து, குழாய் இன்னும் மெலிந்து வந்தது. நடுவில் அவர் அடிப்பக்கம் கழுவுவதை விட்டுப் பார்த்தார். அவர் முன்பே சொன்னதுதான் நடந்தது, தக்காளிக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அதன் பிறகு தோல் மட்டும்தான்.

பழைய ஹவுசிங் கிடைக்குமா என்று அவருடைய மொபெட்டில் அவரும் நானும் வேலூரில் பழைய சாமான் கடைகளில் தேடினோம். கிடைத்ததெல்லாம் அதே இடத்தில் அதே மாதிரி தின்னப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்தில் உடைக்க வருகிற வண்டி எல்லாம் ஒரு காலத்தில் தோல் ஏற்றியதுதான்.

கலவை என்ற ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கரும்பும் நெல்லும் மட்டும் ஏற்றிய வண்டியில் கழற்றியதாம். கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கிடந்தது. முனையில் புது பேரிங்கை மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் முகத்துக்குப் போடும் பவுடர் வாங்கி வரச் சொன்னேன்.

"இன்னாடா, பொண்ணு பாக்கவா போற?" என்று சிரித்துக்கொண்டே போய் வாங்கி வந்தார்.

பெயிண்டைச் சுரண்டி, டீசலைத் தடவி ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுப் பவுடரைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் திரும்பக் கசிந்து பவுடரை நனைக்கும். கொஞ்ச நேரத்தில் முனையைச் சுற்றி முடி மாதிரி ஒரு கோடு எழுந்தது. தேய்ந்த முனையை யாரோ வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்திருக்கிறார்கள். வெல்டிங் ஓரமே விரிந்திருக்கிறது.

"கோடுதானடா," என்றார்.

"லோடு ஏத்துனா முனையே துண்டா வந்துடும்ணா."

சாமான் கடைக்காரர் வேறு பக்கம் போய்விட்டார். மிச்சப் பவுடரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் மொபெட்டை எடுத்தார்.

கடைசியாக ஒரு முறை குத்தினேன். பஞ்ச் வைக்க இடமே இல்லை, பழைய புள்ளிமேலேயே புள்ளி. ஒரு வாரம்கூட ஆகவில்லை, சர்வீஸ் ரோட்டில் லோடோடு போகும்போது நட்டும் பிய்த்துக்கொண்டு, சக்கரம் ஷாப்டையும் இழுத்துக்கொண்டு வெளியே சாய்ந்துவிட்டது. அடி யாருக்கும் இல்லை. நாங்கள் போனபோது கிரவுன் ஆயில் தார்மேல் பரவியிருந்தது. வெயிலில் தோல் நாற ஆரம்பித்துவிட்டது. தோல்காரரின் ஆள் வேறு வண்டி வைத்து லோடை மாற்றிக்கொண்டிருந்தான். மாற்றி முடித்ததும் இவரிடம் வந்து, "நீ இனிமே வராதண்ணே. சொல்லச் சொன்னாங்க," என்றான். இவர் சரி என்று தலையாட்டினார்.

வண்டி அப்படியே எடைக்குப் போனது. இன்ஜினுக்கு மட்டும் தனியாக ஏதோ கொடுத்தார்கள். ஏற்றிக்கொண்டு போனதைப் பார்க்க அவர் வரவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். மொபெட்டையும் விற்றுவிட்டாராம். டேனரி கேட்வரை கொண்டுபோய் விடச் சொன்னார். பாய் தன் பைக் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "தையல் செக்ஷன்ல கேளுபா. பேக்கிங்ல கேளு," என்றார்.

"அதுக்கெல்லாம் படிச்ச பொண்ணுங்க நிக்குது பாய். என்ன எவன் கூப்புடுவான்?"

கேட்டில் இறங்கியதும், "கொஞ்சம் நில்லுடா. இல்லன்னு சொல்லிட்டா கூடவே வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எதிரே டீக்கடையில் பைக்கை நிறுத்தினேன். அவர்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றும் நினைத்தேன். எது நடந்தால் நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது டீயும் குடித்து முடித்தேன்.

அவர் வெளியே வரவில்லை. வேலை கிடைத்துவிட்டது.